புகை தெரியாத இரவு

காந்தி தரையில் உட்கார்ந்து ஏதோ தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார். முன்னால், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ராட்டை. அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. 1946இல் எடுக்கப்பட்டது. எடுத்தவர் மார்கரெட் பர்க்-வைட். நூல் நூற்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் காந்தியைப் படம் எடுக்க விடுவோம் என்று ஆசிரமத்தில் சொல்லிவிட, அந்த அம்மாளும் உட்கார்ந்து கொஞ்சம் நூற்றுப் பார்த்த பிறகே கேமராவைத் தூக்கினார் என்பது அவரே எழுதிவைத்த கதை.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்த விஷயம் வேறு. இயந்திரத்தைச் சந்தேகித்த மனிதரை எடுக்க வந்தவர், அதற்கு இருபது வருஷம் முன்பு இயந்திரத்தைக் கிட்டத்தட்டக் கும்பிட்டவர். உலை, கொப்பரை, உருகிய எஃகு, இருட்டு: இவற்றை வைத்துத்தான் அவர் பெயர் வாங்கினார். இரவில் விளக்கு எரியும் ஆலைகளைப் படம் எடுக்க ஆசைப்படும் எவரும் அவரிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது என்று நினைக்கிறேன். யூட்யூபில் கிடைக்கும் ‘ஐந்து டிப்ஸ்’களைவிட அவர் பட்ட பாடு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

1927இல் பர்க்-வைட் ஒஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாண்டுக்கு வருகிறார். வயது 23. பணக்கார வீட்டுத் தோட்டங்களைப் படம் எடுத்துப் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் ஆற்றங்கரை ஆலைகளைச் சுற்றிச் சுற்றி வருவது. ஓடிஸ் எஃகு ஆலையின் தலைவரிடம் போய், உள்ளே எடுக்க அனுமதி கேட்கிறார். ஆலைக்குள் பெண்களை விடும் வழக்கம் இல்லாத காலம். எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார். 1927–28 குளிர்காலம் முழுக்க இரவு இரவாக அங்கே கிடந்தார்.

முதல் படங்கள் ஒன்றுமே வரவில்லை. கண்ணுக்கு முன்னால் எஃகு கொப்பரையிலிருந்து ஊற்றுகிறார்கள், கட்டடமே பற்றி எரிகிற மாதிரி வெளிச்சம். ஆனால் நெகடிவில் ஒரு சின்னக் கீறல் அவ்வளவுதான். ஏன்? அவர் கையிலிருந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அந்தக் காலத்து ஃபிலிம்கள் பெரும்பாலும் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் மசியும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு மாதிரி. டார்க்ரூமில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததும் இதனால்தான். உருகிய எஃகின் வெளிச்சத்தில் பெரும்பங்கு சிவப்பும் ஆரஞ்சும். நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தது அந்த ஃபிலிமுக்கு ஏறக்குறைய அமாவாசை.

அவருக்குக் கை கொடுத்தது மக்னீசியத் தீவட்டிகள். சினிமாவுக்காக அவற்றை ஹாலிவுட்டுக்கு விற்கப் போய்க்கொண்டிருந்த ஒரு விற்பனையாளர் வழியில் க்ளீவ்லாண்டில் நின்றிருந்தார். அவரிடமிருந்து சில கிடைத்தன. மக்னீசியம் எரிந்தால் வருவது வெள்ளை வெளிச்சம், நீலம் நிறைய இருக்கும். ஃபிலிமுக்கு அது புரியும். எஃகு ஊற்றும் அந்தச் சில நொடிகளில் தீவட்டிகளைக் கொளுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் கிளிக் செய்தார். இந்தத் தடவை கொப்பரை தெரிந்தது, கூரைத் தூலங்கள் தெரிந்தன, பொறிகள் கோடு கோடாக விழுந்தன. பிறகு, அவ்வளவு கறுப்பையும் அவ்வளவு வெள்ளையையும் ஒரே தாளில் தாங்கக்கூடிய அச்சுத்தாள் தேடி அலைந்தது தனிக் கதை. உலைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றதில் கேமராவின் பெயின்ட் கொப்புளம் விட்டது என்பார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஹென்றி லூஸ் அவரைத் தன் புதிய ‘ஃபார்ச்சூன்’ இதழுக்கு அழைத்துக்கொண்டார். அந்த இதழ் 1930 பிப்ரவரியில் வெளிவந்தது. 1936 நவம்பரில் ‘லைஃப்’ இதழின் முதல் அட்டையிலும் அவர் எடுத்த ஃபோர்ட் பெக் அணைதான்.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும் ஒன்றல்ல என்பது எல்லாரும் சொல்கிற வசனம். ஆனால் ஆலை இரவில் அது வசனமாக இருக்காது, நேராக மூஞ்சியில் அடிக்கும். இன்றைய சென்சாருக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். மற்றப் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது: வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே இருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஒரு சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் தீச்சுடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே இருக்கும் குழாய்கள் தெரிய 15 நொடி வேண்டும். அந்த 15 நொடியில் சுடர் வெறும் வெள்ளை உருண்டையாகிவிடும், தீ என்றே தோன்றாது. சுடரின் நாக்கு நாக்காக வேண்டும் என்றால் 1/60 நொடி மாதிரி எடுக்கணும்; அதில் ஆலையே காணாமல் போகும். இரண்டு படம் எடுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. சுடரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, அதன் வெளிச்சம் மேகத்தில் படுவதை மட்டும் எடுக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

ஒட்டுவேலை என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்காக ஒரு தகவல். ஓ. வின்ஸ்டன் லிங்க் என்று ஒரு நியூயார்க் விளம்பரப் புகைப்படக்காரர். 1955இலிருந்து 1960 வரை, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களைத் தன் சொந்தச் செலவில் இரவில் படமெடுத்தார். ஏன் இரவில்? பகலில் சூரியன் தனக்கு வேண்டிய இடத்தில் நிற்பதில்லை, அதை நகர்த்தவும் முடியாது என்பது அவர் வாதம். இரவில் மொத்த வெளிச்சமும் அவர் கையில். வயல், பாலம், வீட்டு வாசல் என்று எங்கும் கம்பி இழுத்து, டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளை மாட்டி, ரயில் வரும் அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிடுவார். ஒரு பல்பு புட்டுக்கொண்டால் மொத்தமும் போச்சு; அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கணும். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1956 ஆகஸ்டில், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு திறந்தவெளி சினிமா அரங்கில் எடுத்தது. காருக்குள் ஒரு ஜோடி, திரையில் ஒரு விமானம், பின்னால் வெள்ளை நீராவியைக் கக்கியபடி ரயில். அவ்வளவு ஃபிளாஷ் அடித்ததில் திரையில் இருந்த பிம்பம் வெளுத்துப்போக, விமானத்தைப் பிறகு டார்க்ரூமில் சேர்த்தார். ஆக, இந்தக் கலையின் பெரிய மரபிலேயே ஒட்டு இருக்கிறது.

லிங்கின் படங்களில் நீராவி ஏன் அப்படி மின்னுகிறது என்று யோசித்தால் ஒன்று பிடிபடும். பகலில் நீராவி வானத்தோடு கலந்துவிடும். இரவில் கறுப்பு வானத்துக்கு முன்னால் வெளிச்சம் பட்டால் பஞ்சுப்பொதி. எதை வெளிச்சம் தொடுகிறதோ அதுதான் இருக்கிறது. தொடாதது இல்லவே இல்லை. இரவுப் படத்தின் மொத்தக் கவர்ச்சியும் இதுதான். மொத்த வில்லங்கமும் இதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கவர்ச்சி கேமராவுக்கும் முந்தையது. 1801இல் ஃபிலிப் ஜேக்ஸ் த லூதர்பூர்க் என்ற ஓவியர் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் பள்ளத்தாக்கு இரும்பு உலைகளை இரவில் வரைந்தார். கூரைகளுக்குப் பின்னால் ஊழித்தீ மாதிரி ஆரஞ்சு, மேலே முழு நிலா, கீழே குதிரை வண்டி. லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் லண்டன் நாடக மேடைகளில் ஒளியமைப்பும் காட்சியமைப்பும் செய்து பிழைத்தவர் என்பது தெரிந்தபின் அந்த ஓவியம் எனக்கு வேறாகத் தெரிய ஆரம்பித்தது. ஆலையை அவர் ஒரு செட்டாகப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் ஆலை இரவுகளைப் பார்த்து ‘சைபர்பங்க் மாதிரி இருக்கு’ என்கிறோமே, அதே பார்வை.

சரி, கருவிக்கு வருவோம். ஃபிளாஷ் பல்பெல்லாம் நமக்கு வேண்டாம். ஆலையே தேவைக்கு மேல் வெளிச்சம் தருகிறது. ராத்திரி முழுக்க அது ஏன் எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? அழகுக்காக இல்லை. சுத்திகரிப்பு ஆலையை மாலையில் ஸ்விட்ச் போட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, நாளெல்லாம் ஓடும். இரவு ஷிப்டில் ஆள் ஏணியேறி வால்வைப் பார்க்கணும், மீட்டரைப் படிக்கணும். படத்தில் மின்மினி மாதிரி தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு படிக்கட்டோ நடைபாலமோ இருக்கிறது. அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்துகொண்டே போனால் ஒரு தொழிலாளி இரவில் நடக்கும் பாதை கிடைத்துவிடும். சட்டகம் அமைக்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டால், வெறும் விளக்குக் கூட்டமாக இருப்பதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது.

டிரைபாட் வேண்டும். கேமரா சுமாராக இருந்தாலும் டிரைபாட் உறுதியாக இருக்கணும். காசு குறைவென்றால் முதலில் இதில் போடுங்கள். ஐஎஸ்ஓ 100 அல்லது 200. அபெர்ச்சர் எஃப் 8 பக்கம். ஷட்டர் 5லிருந்து 30 நொடிக்குள் எங்கோ வந்து நிற்கும். ஃபோகஸை ஒரு தூர விளக்கின்மீது வைத்துவிட்டு, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைக்கணும். பட்டனை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர். ரா ஃபைல். பின்னால் இருக்கும் திரையை நம்பாதீர்கள்: இருட்டில் அது எல்லாப் படத்தையும் பிரமாதமாகக் காட்டும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். பாலத்தின்மீது நின்று எடுத்தால் ஒரு லாரி போனாலும் மொத்தமும் அதிரும். லாரி போகும்வரை பொறுமை. கடலோரம் என்றால் லென்ஸில் ஈரம் படியும், துடைக்கத் துணி. செல்போன்தான் இருக்கிறது என்றால் அதிலும் ஆரம்பிக்கலாம். நைட் மோட் என்பது பல குட்டிப் படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்குவது, போனை எங்காவது சாய்த்து அசையாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நேரம்? நள்ளிரவு இல்லை. சூரியன் மறைந்து அரைமணி நேரம், வானம் இன்னும் கருநீலமாக இருக்கும்போது. அப்போது புகைபோக்கியின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரியும். முழு இருட்டில் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

விளக்குகளில் நட்சத்திரக் கூர்கள் வருவது அபெர்ச்சரின் தகடுகளால். தகடுகள் இரட்டைப்படை என்றால் அத்தனை கூர். ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. ஒன்பது தகட்டு லென்ஸில் பதினெட்டுக் கூர். முதல் மாதம் எல்லாருக்கும் இதன்மேல் ஒரு மோகம் வரும், போய்விடும்.

நிறம் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லணும், ஏனென்றால் அது மறைந்துகொண்டிருக்கும் சரித்திரம். பழைய ஆலைப் படங்களில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு என்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை, பாதரச ஆவி விளக்கும் ட்யூப் லைட்டும் பகல்வெளிச்ச ஃபிலிமில் விழுந்த விதம். ஆரஞ்சு, சோடியம். அதிலும் குறையழுத்தச் சோடியம் விளக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மஞ்சளை மட்டும் தரும், 589 நானோமீட்டர் அலைநீளத்தில். அதன் கீழே எல்லாம் மஞ்சளும் கறுப்பும்தான். எந்த ஒயிட் பாலன்ஸாலும் சிவப்புச் சட்டையைச் சிவப்பாக்க முடியாது. தகவலே இல்லாதபோது எதை மீட்பது? இன்று எல்லாம் எல்இடி ஆகிக்கொண்டிருக்கிறது. வெள்ளை, சுத்தம், மின்சாரமும் மிச்சம். ஆனால் ஓர் ஆலையில் பாதி எல்இடியும் பாதி சோடியமுமாக இருக்கும் இந்தச் சில வருஷங்கள் புகைப்படக்காரனுக்கு லாட்டரி. எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வராது.

வில்லங்கத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் 1940கள் வரை பட்டப்பகலில் தெருவிளக்கு போட வேண்டியிருந்தது. அவ்வளவு புகை. நண்பகலில் விளக்கெரியும் தெருக்களின் படங்கள் இன்றும் இருக்கின்றன. பிறகு புகைக்கட்டுப்பாடு வந்தது, ஊர் கொஞ்சம் தெளிந்தது. அந்தப் புதுவாழ்வைக் கொண்டாடும் ஒரு புத்தகத்துக்காக 1955இல் டபிள்யூ. யூஜீன் ஸ்மித்தை அழைத்தார்கள். மூன்று வாரம், நூறு படம் என்பது பேச்சு. ஸ்மித் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்; வருஷக்கணக்கில் அதிலேயே மூழ்கிக் கிடந்து, கடனாளியாகி, கடைசிவரை நினைத்தபடி அதை முடிக்கவில்லை. அதில் ஒரு படம் மறக்காது: கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் உலைத் தொழிலாளியின் முகம், கண்ணாடி இரண்டிலும் தீ. பர்க்-வைட் கொப்பரையைப் பார்த்தார். ஸ்மித் கொப்பரையைப் பார்க்கிறவனைப் பார்த்தார்.

இதே ஸ்மித்தான் 1971இல் மனைவி ஐலீனுடன் ஜப்பானின் மினமாட்டாவுக்குப் போனார். சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட பாதரசம், மீன் வழியாக மனிதர்களின் நரம்பில் ஏறிய ஊர். 1972 ஜனவரியில் சிபா பகுதியில் இருந்த அந்த நிறுவனத்தின் இன்னொரு ஆலையில் அவரை அடித்துப் போட்டார்கள், பார்வை பாதிக்கப்பட்டது. ஜானி டெப் நடித்த படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பிட்ஸ்பர்க்கின் தீயிலிருந்து மினமாட்டாவின் குளியலறைக்கு ஒரே மனிதன் நடந்து போயிருக்கிறான் என்பதுதான் எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிய கதை.

இப்போது அதே ஜப்பானில் ‘கோஜோ மொயே’ என்று ஒரு சொல் புழங்குகிறது. கோஜோ என்றால் ஆலை. மொயே என்பது காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின்மேல் உருகுவதைச் சொல்லும் வார்த்தை. ‘ஆலை மையல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். 2007இல் ஓயாமா கென், இஷி டெட்சு இருவரும் இந்தப் பெயரிலேயே ஒரு புகைப்படப் புத்தகம் கொண்டுவந்தார்கள், பற்றிக்கொண்டது. ஆலை இரவுகளைப் பார்க்கவென்றே பஸ், படகுச் சுற்றுலா. 2011இல் கவாசாகி, யொக்கைச்சி, முரோரன், கிட்டாக்யூஷு ஆகிய நான்கு நகரங்கள் கூடி ஆலை இரவுக்காட்சி மாநாடே நடத்தின. பிறகு இன்னும் பல ஊர்கள் சேர்ந்துகொண்டன.

அந்த நான்கில் யொக்கைச்சியைப் பாருங்கள். போரில் குண்டுவீசி அழிக்கப்பட்ட கடற்படை எரிபொருள் கிடங்கு இருந்த இடத்தில் பெட்ரோகெமிக்கல் வளாகம் கட்டினார்கள். 1959இல் முழுவீச்சில் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில், பிடித்த மீனில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று விலைபோகவில்லை. பிறகு இருமல். எண்ணெயில் இருந்த கந்தகம் எரிந்து, கந்தக டை ஆக்சைடாகக் காற்றில் இறங்கியது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த இசொசு என்ற மீனவக் குப்பத்துக்கு நேராக அது போய்ச் சேர்ந்தது. ‘யொக்கைச்சி ஆஸ்துமா’ என்று நோய்க்கே ஊர்ப்பெயர் வந்துவிட்டது. 1967இல் இசொசுவின் நோயாளிகள் ஒன்பது பேர் ஆறு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டார்கள். 1972 ஜூலை 24இல் தீர்ப்பு, ஜெயித்தார்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. எந்தப் புகைபோக்கியின் புகை எந்த நுரையீரலில் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், எல்லாரும் சேர்ந்தே பொறுப்பு என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே மாசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டம் ஜப்பானில் வந்தது. கவாசாகியிலும் இதே கதைதான்: 1982இல் வழக்கு, நிறுவனங்கள் சமரசத்துக்கு வர 1996 ஆனது.

இன்று யொக்கைச்சியின் காற்று அன்றைய காற்று இல்லை. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் வந்தன, சட்டம் வந்தது. அதனால் இரவுக்காட்சி பார்க்கப் போகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. நானே அந்தப் படங்களை மணிக்கணக்கில் பார்க்கிறவன். என் சந்தேகம் படத்தின் இயல்பைப் பற்றியது. 1960களில் யொக்கைச்சியைப் பகலில் எடுத்த படங்களில் பள்ளிக்கூடமும் புகைபோக்கியும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. மாஸ்க் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவில் அதே இடத்தில் நின்று எடுத்தால் பள்ளிக்கூடம் இருட்டு. குப்பம் இருட்டு. ஆலை மட்டும் ஜொலிக்கும். 20 நொடி எக்ஸ்போஷரில் புகையும் நீராவியும் கரைந்து பட்டுத்துணி மாதிரி வழவழப்பாகிவிடும். இரண்டில் எது நீராவி, எது புகை என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆனால் யார் பக்கத்திலிருந்து பேசுகிறது என்பது ஷட்டர் திறக்கும் முன்னாலேயே முடிவாகிவிட்டது.

இதற்குத் தீர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை, சில வழக்கங்கள் இருக்கின்றன. டெலி லென்ஸில் ஆலையை மட்டும் வெட்டி எடுத்த பிறகு, ஒரு தடவை வைட் லென்ஸ் போட்டு, பக்கத்தில் எரியும் வீட்டு விளக்குகளையும் சேர்த்து எடுக்கலாம். நீளமான எக்ஸ்போஷர் எடுத்த இடத்திலேயே ஐஎஸ்ஓவை ஏற்றி அரை நொடியில் ஒன்று எடுத்தால் புகைக்கு மறுபடி உருவம் வந்துவிடும். சத்தம் மாதிரிப் புள்ளிகள் வரும், வரட்டும். பகலில் ஒருமுறை போய் அதே இடத்தில் நின்று பார்த்துவிட்டு வருவது வழி தெரிந்துகொள்ளவும் உதவும், வேறு பலவற்றைத் தெரிந்துகொள்ளவும் உதவும். பர்க்-வைட்டுமே 1930களின் நடுவில் இயந்திரத்திலிருந்து ஆட்கள் பக்கம் திரும்பினார். அமெரிக்கத் தெற்கின் ஏழை விவசாயிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1937இல் வந்தது. ராட்டை அதற்கும் ஒன்பது வருஷம் தள்ளி.

மணலி, எண்ணூர்ப் பக்கம் இரவில் போகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும் என்பது தெரியும். அவசரப்பட வேண்டாம். நம்மூரில் துறைமுகம், மின்நிலையம், எண்ணெய் ஆலை போன்றவற்றில் பல பாதுகாப்பு காரணங்களால் படமெடுக்கத் தடையுள்ள இடங்கள். 1923ஆம் வருஷத்து அலுவல் இரகசியச் சட்டம் இன்னும் அப்படியே உயிரோடு இருக்கிறது. ‘சும்மா அழகா இருந்துச்சு சார்’ என்பது காவல் நிலையத்தில் நல்ல பதில் இல்லை. அனுமதி கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் சர்க்கரை ஆலை, செங்கல் சூளை, இரவு ஷிப்டு ஓடும் சின்னப் பட்டறை என்று உரிமையாளரிடம் பேசி நுழையக்கூடிய இடங்களில் ஆரம்பியுங்கள். அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை ராத்திரியெல்லாம் ஓடும். நீராவிக்கும் பஞ்சமில்லை, வாசலில் வரிசை கட்டி நிற்கும் கரும்பு லாரிகளுக்கும் பஞ்சமில்லை.

எப்போதாவது ஜப்பான் பக்கம் போக வாய்த்தால், யொக்கைச்சியில் துறைமுகக் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. சில நாட்களில் இரவிலும் திறந்திருக்கும். வளாகம் மொத்தமும் காலடியில் ஒளிரும். ஊருக்குள், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 2015இல் திறந்த மாசு வரலாற்று அருங்காட்சியகம். அதை மாலையிலேயே மூடிவிடுவார்கள். அதனால் முதலில் அங்கே போய்விட்டு, பிறகு மாடிக்குப் போங்கள்.